பையாழ்வார்

எந்த அடுக்ககத்துக்குப் போனாலும் ஒரு பையாழ்வார் இருப்பார். சென்னையில் மாடிக்கு ஒருவர்கூட உண்டு. கதர் ஜிப்பா, முகத்தில் ஆதிசேஷனுக்கு மாற்று ஆளாகப் பூமியைத் தாங்க வந்தவர் போல ஒரு களைப்பு. அண்ணாச்சி கடையில் யாராவது "ஒரு கவர் குடுங்க" என்று கேட்டால் தொலைந்தார். "2019 ஜனவரி 1-லேர்ந்து தடை சார்!" என்று ஆரம்பித்து, கேட்டவர் தக்காளியை வேட்டி மடிப்பில் கட்டிக்கொண்டு ஓடும்வரை விடமாட்டார்.

கொள்கை சுத்தம்; ஞாபகம்தான் மட்டம். பையை வீட்டில் வைத்துவிட்டுக் கடைக்கு வருவார். கவர் வாங்கினால் கொள்கை கெட்டுவிடும். ஆகவே புதிதாக ஒரு துணிப்பை வாங்குவார். கோயம்பேட்டில் 10 ரூபாய் போட்டால் மஞ்சப்பை தரும் இயந்திரத்துக்கே அவர் முகம் மனப்பாடம். வீட்டில் பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு மூட்டை: கல்யாணத் தாம்பூலப் பைகள், புத்தகக் கண்காட்சிப் பைகள், 'பூமியைக் காப்போம்' என்று அச்சடித்த பைகள். மூட்டை கட்டியிருப்பதும் பையில்தான்.

பல் துலக்க மூங்கில் பிரஷ். அது ஆன்லைனில் வரும்: அட்டைப்பெட்டி, அதற்குள் பப்பிள் ராப், அதற்குள் ஒரு பிளாஸ்டிக் உறை. இளநீர் குடிக்க ஸ்டீல் ஸ்ட்ரா. அண்ணாந்து குடித்தால் ஜிப்பா கறையாகுமாம்.

இப்படி நிம்மதியாக இருந்தவரிடம் மகள் ஒருநாள் டென்மார்க் கணக்கைக் காட்டிவிட்டாள். அந்நாட்டுச் சுற்றுச்சூழல் துறை 2018-ல் வெளியிட்டது. பருத்தி விளைவது, நூற்று நெய்வது என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். புவி சூடாவதை மட்டும் கணக்கில் எடுத்தாலே, சாதாரணப் பருத்திப் பையை 52 தடவையாவது கடைக்குக் கொண்டுபோனால்தான் பிளாஸ்டிக் பையோடு கணக்கு நேராகும். மற்ற பாதிப்புகளையும் சேர்த்தால் 7,100 தடவை. தினம் ஒரு நடை போனாலும் 19 வருஷத்துக்கு மேல்.

"கவர் நல்லதுன்னு சொல்லலப்பா. அது நம்ம ஊர்ச் சாக்கடையை அடைக்கிறதும், மாட்டு வயித்துக்குள்ள போறதும் அந்தக் கணக்குலயே வராது. புதுசா வாங்காதீங்க, இருக்கறதைக் கிழியறவரைக்கும் தூக்குங்கன்னுதான் சொல்றேன்" என்றாள்.

பையாழ்வார் அன்றிரவு தூங்கவில்லை. விடிந்ததும் மூட்டையைப் பிரித்தார். ஒவ்வொரு பைக்கும் நம்பர் போட்டார். நோட்டில் கட்டம் கட்டினார். இப்போது கொத்தமல்லிக்கு ஒரு பை, ஒரு நடை. பச்சை மிளகாய்க்கு வேறு பை, வேறு நடை. எண்ணிக்கை சீக்கிரம் ஏறட்டும் என்று தெருமுனைக்குக் காரிலேயே போகிறார்.

நேற்று கறிவேப்பிலைக்காக மூன்றாம் தடவை வந்து இறங்கினார். அண்ணாச்சிக்கே மனசு கேட்கவில்லை.

"கறிவேப்பிலை கொசுறுதானே சார், கொத்தமல்லியோடயே போட்டுக் குடுத்திருப்பேனே?"

"குடுத்திருப்பீங்க. எனக்கு ஒரு என்ட்ரி போயிருக்குமே!"