தானமாக வந்த மாட்டுக்கு வில்லங்கச் சான்று

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். சொன்னவர் நிச்சயமாக வக்கீல் இல்லை. வக்கீல் பல்லோடு நிறுத்தமாட்டார். தாய்ப்பத்திரம் எங்கே, கன்று போட்டால் யாருக்கு, முட்டினால் யார் பொறுப்பு என்று வரிசையாகக் கேட்பார். கட்டற்ற மென்பொருளின் வரலாறு இவ்வளவுதான், மற்றதெல்லாம் இடைச்செருகல்.

1976இல் பில் கேட்ஸ் என்ற இருபது வயதுப் பையன், எங்கள் பேசிக் நிரல்மொழியை ஓசியில் நகலெடுப்பது திருட்டு என்று கணினிப் பிரியர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினான். அதே வருஷம் லி-சென் வாங் என்பவர் தன் டைனி பேசிக்கின் நெற்றியில் 'காப்பிலெஃப்ட், தவறுகள் அனைத்தும் எமக்கே' என்ற பொருளில் ஒரு நக்கல் வரியைப் பொறித்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டார். அந்தச் சொல்லில் இருந்த நக்கலைப் பின்னாளில் மொத்தமாகத் துடைத்தெடுத்தவர் ரிச்சர்ட் ஸ்டால்மன். தாடியும் பிடிவாதமும் சம அளவில் வளர்த்தவர். ஜேம்ஸ் காஸ்லிங் எழுதிய ஈமேக்ஸ் என்ற உரைத்தொகுப்பியிலிருந்து கொஞ்சம் நிரலை எடுத்துத் தன் ஈமேக்ஸில் சேர்த்திருந்தார். காஸ்லிங்கோ தன் சரக்கை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார். கம்பெனி கண்ணை உருட்ட, ஸ்டால்மன் அந்தப் பகுதியை உட்கார்ந்து திரும்ப எழுதினார். சூடு கண்ட பூனை 1989இல் ஜிபிஎல் என்ற உரிமத்தைப் போட்டது. மாட்டை ஓட்டிப் போ, விற்றுக்கூடக் கொள். ஆனால் வாங்குகிறவனுக்கும் இதே உரிமையைக் கொடு, தொழுவத்துக்குப் பூட்டுப் போடாதே.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கு இவ்வளவு வைராக்கியம் கிடையாது. எடுத்துக்கொள், பூட்டிக்கூட வைத்துக்கொள், விளம்பரத்தில் மட்டும் எங்கள் பெயரைப் போடு என்றது. பார்த்தவர்கள் எல்லாம் அதே வரியில் பெர்க்லியை அடித்துவிட்டுத் தங்கள் பெயரை எழுதிக்கொண்டார்கள். 1997இல் பெர்க்லி வழிவந்த நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் ஒரு பதிப்பில் ஸ்டால்மன் எண்ணிப் பார்த்தார். 75 பேருக்கு நன்றி சொல்லியாக வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். பெர்க்லி 1999இல் அந்த நிபந்தனையையே தூக்கிவிட்டது.

வக்கீல்களை உண்மையில் தூங்கவிடாமல் செய்தது ஒரே ஒரு வரி. ஜேசன் என்ற தரவு வடிவத்தைப் பிரபலமாக்கிய டக்ளஸ் கிராக்ஃபோர்ட், 2002 வாக்கில் எம்ஐடி உரிமத்தை அப்படியே எடுத்து, அதில் 'இந்த மென்பொருளை நல்லதற்கே பயன்படுத்த வேண்டும், கெட்டதற்கு அல்ல' என்ற கருத்தில் ஒரு வரி சேர்த்தார். பாட்டி சொல்வது மாதிரி இல்லையா? டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பைப் பராமரிப்பவர்கள் சிரிக்கவில்லை. கெட்டதற்குப் பயன்படுத்தும் சுதந்திரம் இல்லையென்றால் அது சுதந்திர மென்பொருளே அல்ல என்று கதவைச் சாத்தினார்கள். தர்க்கப்படி அவர்கள் சொன்னது சரி என்பதுதான் இதில் வேதனை.

ஐபிஎம்மின் வக்கீலுக்கு வேறு கவலை. கிராக்ஃபோர்டே ஒரு பேச்சில் சொன்ன கதை இது: அந்த வரியோடு வரும் உங்கள் ஜேஎஸ்லின்ட் என்ற பிழைதேடும் கருவியை வைத்து நாங்கள் கெட்டது எதுவும் செய்யப்போவதில்லை, ஆனால் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு எங்களால் உத்தரவாதம் தர முடியாது, ஆகவே தனி அனுமதி தேவை என்று கேட்டாராம். இவரும் எழுதிக் கொடுத்தார்: ஐபிஎம், அதன் வாடிக்கையாளர்கள், கூட்டாளிகள், அல்லக்கைகள் அனைவரும் ஜேஎஸ்லின்ட்டைக் கெட்ட காரியங்களுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். வக்கீல் மிக்க நன்றி சொன்னாராம். உலகத்தில் அக்கிரமம் செய்ய எழுத்துபூர்வமாக லைசென்ஸ் வைத்திருக்கும் கம்பெனி வேறு உண்டா, தெரிந்தவர்கள் சொல்லலாம்.

இந்தத் தலைவலியே வேண்டாம் என்று உரிமத்தையே தூக்கி எறிந்தவர் ரிச்சர்ட் ஹிப். அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றுக்கு வேலை பார்த்தபோது, சர்வர் படுத்தால் தன் நிரலும் கூடவே படுக்கிறதே என்ற எரிச்சலில் 2000இல் அவர் செய்த தரவுத்தளம் எஸ்க்யூலைட். முதல் பதிப்பு ஜிபிஎல் சரக்கான ஜிடிபிஎம்மின் தோளில் நின்றது. அடுத்த பதிப்பில் அதைக் கழற்றிவிட்டு, எல்லாவற்றையும் பொதுச்சொத்து என்று அறிவித்தார். உரிம வாசகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் ஆசீர்வாதம்: நல்லது செய், மன்னித்து வாழ், கொடுப்பதைவிட அதிகம் எடுக்காதே. இங்கேயும் நல்லது கெட்டது உண்டு; ஆனால் நிபந்தனை இல்லை, ஆசிதான். ஆசீர்வாதத்தை மீறியதாக யார் மேல் கேஸ் போடுவது?

வக்கீல்கள் விட்டார்களா? இல்லை. இது எவனுடையதும் இல்லை என்பதற்கு என்ன அத்தாட்சி என்றார்கள். அதனால் எஸ்க்யூலைட்டுக்கு நிரல் எழுதியவர்களிடம், இதில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று கையெழுத்து வாங்கி, அந்தக் காகிதங்களைத் தீப்பிடிக்காத பெட்டகத்தில் வைத்திருக்கிறார்கள். அதுவும் போதாது என்கிற கம்பெனிகளுக்காக ஹிப்பின் நிறுவனம் தனியாக ஒரு லைசென்ஸ் பத்திரம் விற்கிறது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனிலும் எஸ்க்யூலைட் ஓடுகிறது. நீங்கள் வாங்க வேண்டியதில்லை. அவர்கள் மட்டும் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.