விரலிடுக்கு நெய்

அக்கா மகள் பெர்லினில் படிக்கிறாள். வீகன். அங்கே பட்டினி கிடந்ததில்லையாம். அந்தக் கவலை திருவிடைமருதூரில்தான் வந்தது.

'சுத்த சைவம்' பலகை போட்ட ஓட்டல். "பால், தயிர், நெய் எதுவும் வேண்டாம்ணே" என்றாள். சர்வர் குரலைத் தாழ்த்தி என்னிடம், "பாப்பாவுக்கு உடம்புக்கு என்ன சார்?" என்றார். பருப்பு சாதத்துக்கு மேல் அவள் கையை விரித்து மறித்தாள். விரலிடுக்கு வழியே ஒரு கரண்டி நெய் இறங்கியது. "கொஞ்சூண்டுதாம்மா."

1944இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் 'வீகன்' என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரே வைக்காமல் இங்கே ஒன்று கொதிக்கிறது: கும்பகோணம் கடப்பா. பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, அரைத்த தேங்காய், சோம்பு. மாட்டுக்கு வேலையே இல்லை. ராத்திரி ஆறு இட்லி போனது.

மகாலிங்கசுவாமி கோயிலில் ஒரு வாசலில் நுழைந்து வேறு வாசலில் வெளியேறினால், வரகுண பாண்டியனைத் துரத்திய தோஷம் போல நம்முடையதும் உள்ளேயே நின்றுவிடும் என்பது ஐதீகம். டிகிரி காபி வாசனை அப்படி நிற்கிற ரகமில்லை. எதிர்வாசலில் காத்திருந்தது.

"ஒரே ஒரு வாய், மாமா" என்றாள். டபராவைக் கவிழ்த்துதான் திருப்பிக் கொடுத்தாள்.