எக்செல் உறைந்துவிட்டதா? தோட்டத்துக் கிராணியாருக்குச் சில யோசனைகள்

முதலில், மேனேஜரிடம் ஓடாதீர்கள். வந்தால் மவுஸை வாங்கி அவரும் நாலு தடவை அழுத்துவார். எக்செல் அப்படியேதான் இருக்கும். வேடிக்கை பார்க்க ஆள் ஒன்று கூடியிருக்கும்.

மாதக் கடைசியில் பிரிஞ்சாங் பக்கத்து எந்தத் தேயிலைத் தோட்ட ஆபீசுக்குள் எட்டிப் பார்த்தாலும் காட்சி ஒன்றுதான். செக்ரோலில் வங்காளதேசத்தார், நேப்பாளிகள், இந்தோனேசியர்கள், மிச்சமிருக்கும் நம்மவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் தினசரிக் கொழுந்து எடை. மேக்ரோவை ஓட்டும் ‘சம்பளம்’ என்ற பொத்தானை அழுத்தினீர்கள்; திரை வெளுத்தது; மேலே ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வந்தது. சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் கூலி கொடுத்தாக வேண்டும் என்கிறது 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம். மேக்ரோ மாட்டிக்கொண்டால் எட்டாம் நாள் தரலாம் என்று அதில் எங்கும் இல்லை.

மேலே வந்த அந்த எழுத்தைப் பார்த்துப் பதறாதீர்கள். ஒரு ஜன்னல் ஐந்து நொடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் அப்படி எழுதிவிடும். செத்ததா, வேலையில் மூழ்கியிருக்கிறதா என்று அது விசாரிப்பதில்லை. நீங்கள் விசாரியுங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், நாலு கோர் உள்ள கம்ப்யூட்டரில் எக்செல் 25 விழுக்காட்டையொட்டி நிற்கிறதா? உழைக்கிறது என்று பொருள். எத்தனை கோர் இருந்தாலும் மேக்ரோ ஒன்றில்தான் ஓடும். போய் ஒரு தே-ஓ குடித்துவிட்டு வாருங்கள். பூஜ்யத்தில் கிடக்கிறதா? எதற்கோ காத்திருக்கிறது. அணைத்து வைத்த பிரிண்டராக இருக்கலாம். இடி மழையில் லைன் போன தலைமை அலுவலக சர்வராக இருக்கலாம். ‘அழிக்கவா, வேண்டாமா’ என்று கேட்டுவிட்டு வேறொரு ஜன்னலுக்குப் பின்னால் நிற்கும் சின்னப் பெட்டியாகவும் இருக்கலாம். ஆல்ட்-டேப் அழுத்தித் தேடுங்கள்.

தே-ஓ மூன்றாவது கோப்பையைத் தாண்டினால் எஸ்கேப், இல்லையேல் கண்ட்ரோல்-பிரேக். (பல மடிக்கணினிகளில் பிரேக் பொத்தானையே எடுத்துவிட்டார்கள். நிறுத்த வழியில்லாமல் வண்டி விற்கும் துணிச்சல் கணினிக்காரர்களுக்குத்தான் வரும்.) வரும் பெட்டியில் ‘எண்ட்’ என்பதில் கை வைக்காதீர்கள், ‘டீபக்’ அழுத்துங்கள். மஞ்சள் பூசிய ஒரு வரி தெரியும். மேக்ரோ அந்த நேரத்தில் அங்கேதான் நின்றது.

இப்போது மேக்ரோவை எழுதியவரைத் தேடத் தோன்றும். வீண். மேக்ரோவை எழுதியவர் எப்போதும் வேலையை விட்டுப் போனவராகத்தான் இருப்பார். அவர் எழுதியதுகூட இல்லை. ‘ரெக்கார்ட்’ பொத்தானை அழுத்திவிட்டுத் தான் செய்ததையெல்லாம் பதிந்திருப்பார். அதனால் மேக்ரோவும் ஒவ்வொரு கட்டமாகப் போய் நின்று, அதைத் தேர்ந்தெடுத்து, எழுதி, அடுத்ததற்கு நகர்கிறது. அதுவும் கடைசி வரி எது என்று தெரியாமல். 2007 முதல் எக்செல் தாளில் 1,048,576 வரிகள். இருநூறு பேர் வரும் பெரட்டில் நின்றுகொண்டு பத்து லட்சம் பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது, பாவம். கடைசிப் பெயரோடு நிறுத்தச் சொல்லுங்கள். எடைகளை மொத்தமாக நினைவகத்துக்கு எடுத்து, கணக்குப் போட்டு, மொத்தமாகத் திருப்பி எழுதச் சொன்னால் தே-ஓவுக்கே நேரமிருக்காது.

விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர் ‘ஸ்கிரீன் அப்டேட்டிங்கை நிறுத்து’ என்பார். நல்ல யோசனை, வேகம் கூடும். ஆனால் திரை அசையவே அசையாது, முன்பைவிடச் செத்ததுபோலத் தெரியும். ஆகவே ஐம்பது பெயருக்கு ஒரு முறை, எந்தப் பெயரில் இருக்கிறேன் என்று கீழே ஸ்டேட்டஸ் பாரில் எழுத வையுங்கள். கூடவே ஒரு ‘டூ ஈவண்ட்ஸ்’. அது விண்டோஸுக்குச் சொல்லும் ‘உள்ளேன் ஐயா’. அந்த இடைவெளியில் யாராவது பொத்தானை மறுபடி அழுத்தினால் இரண்டாவது ஓட்டம் கிளம்பிவிடும். அதற்கும் ஒரு பூட்டுப் போடுங்கள்.

அதே நண்பர் ‘கால்குலேஷனை மேனுவலாக்கு’ என்றும் சொல்வார். இங்கேதான் உண்மையான ஆபத்து. பாதியில் மேக்ரோவை நிறுத்தினால் திரை தானாகத் திரும்பிவிடும், கால்குலேஷன் திரும்பாது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ஆனது. ஒரே கட்டத்தில் அதைத் திருத்தினால் போதும் என்று செய்து வைத்திருப்பீர்கள். மேனுவலில் கிடக்கும் கோப்பில் 1,700 என்று அடித்தாலும் யார் கணக்கிலும் ஒரு சென் ஏறாது. எஃப்9 அழுத்திப் பாருங்கள். பிறகு ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றுங்கள்.

உறைந்து நிற்கும் எக்செல் ஒரு வகையில் யோக்கியமானது. ஏதோ தகராறு என்று உங்களுக்குத் தெரிகிறது. இங்கிலாந்தில் 2020ல் கோவிட் கணக்கைப் பழைய எக்செல் கோப்பில் ஏற்றினார்கள். அதில் 65,536 வரிதான் கொள்ளும். கிட்டத்தட்ட 16,000 நோயாளிகள் பட்டியலிலிருந்து விழுந்தார்கள். எதுவும் உறையவில்லை, யாருக்கும் உடனே தெரியவுமில்லை.

மேக்ரோ செய்ததைக் கண்ட்ரோல்-இசட் திருப்பாது. ஓட்டுமுன் கோப்பை நகலெடுங்கள். இ.பி.எஃப். சந்தா அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். புது மேக்ரோவை 14ஆம் தேதி சாயங்காலம் பரீட்சை செய்து பார்க்காதீர்கள்.