ஆண்டறிக்கை அண்ணாச்சி

தாமிரபரணிக் கரையில் பங்கு வெளியிட்ட கம்பெனி எதுவானாலும் அதன் கணக்குப் பிரிவு மூலையில் ஓர் அண்ணாச்சி உட்கார்ந்திருப்பார். மார்ச் 31-க்குக் கணக்கை முடித்ததிலிருந்து செப்டம்பர் 30-க்குள் பொதுக்கூட்டம் நடந்து ஓயும்வரை அவர் மனுசராக இருப்பதில்லை. கல்யாணப் பந்தியிலும் இலைக்கு இடப்பக்கம் புரூஃப் கட்டு இருக்கும். சொதி சிந்திய இருப்புநிலைக் குறிப்பை ஆடிட்டர் ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதாகப் பேச்சு.

அண்ணாச்சிக்கு ஜென்ம விரோதி, சென்னையிலிருந்து வரும் டிசைனர் தம்பி. அட்டைக்கு முதலில் உள்ளங்கையில் முளைத்த செடியைக் கொண்டுவருவான். அது போன வருசமும் முளைத்ததுதான் என்றால், கோட்டு சூட்டுப் போட்ட வெள்ளைக்காரர்கள் கைகுலுக்கும் படம் வரும். அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டு உற்றுப் பார்ப்பார்.

“இதுல நம்ம மில்லு ஆளு யாரு வே? இவரு கார்டிங்கா, ஸ்பின்னிங்கா?”

லாபம் விழுந்த ஒரு வருசம், தலைவர் உரையில் தம்பி ‘எதிர்க்காற்று வீசிய ஆண்டு’ என்று எழுதிவிட்டான். அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. “ஆனி, ஆடிக் காத்துல கயத்தாத்துல நம்ம காத்தாடி சுத்துனாத்தான் இங்க கரண்டு பில்லு குறையுது. அந்தக் காத்து மேலயா பழியப் போடுதீரு? பஞ்சு விலை ஏறிச்சு, நூல் விலை ஏறல. அத எழுதும்.”

எழுதினான். தலைவருக்கு அது அத்தனை எடுப்பாக இல்லை. ஆனால் அந்த வருசம் தலைவர் உரையைப் படித்தவர்களுக்கு அது புரிந்தது, புதுமைதான்.

நூற்றைம்பது பக்கத்தையும் ஒரே ஆள் படிக்கமாட்டார், ஆளுக்கு ஒரு பக்கம்தான் என்பது அண்ணாச்சியின் கட்சி. ஆகவே அவரவர் பக்கம் அவரவர் கைக்குத் தட்டுப்பட வேண்டும். டவுன் ரதவீதி ஆச்சிக்கு வேண்டியது, டிவிடெண்ட் எவ்வளவு, என்றைக்கு வரும். அதை முன் அட்டையின் உள்பக்கத்தில், கண்ணாடி போடாமல் படிக்கிற எழுத்தில், தமிழில் வைத்துவிடுவார். ஏழு வருசம் வாங்காமல் கிடக்கும் டிவிடெண்ட் மத்திய அரசின் முதலீட்டாளர் நிதிக்குப் போய்விடும் என்பதையும் அதற்குக் கீழேயே போடுவார். தாத்தா பெயரில் பங்கை வைத்துக்கொண்டு பத்து வருசமாக மாற்றாத வீடு தெருவுக்கு ரெண்டு உண்டு.

யூனியன்காரர் தேடுவது வேறு. எம்.டி.யின் சம்பளம் நடுவாந்திர ஊழியர் சம்பளத்தைப்போல் எத்தனை மடங்கு என்று, பங்குச்சந்தையில் உள்ள கம்பெனி சட்டப்படி சொல்லியாக வேண்டும். தம்பி அந்த வரியை எறும்பு எழுத்தில் வைப்பான். அண்ணாச்சி பெரிதாக்குவார். புரூஃப் மாடிக்குப் போய்த் திரும்பி வரும்போது எழுத்து மறுபடியும் மெலிந்திருக்கும்.

பாளையங்கோட்டை ரிட்டயர்டு கணக்கு வாத்தியார் வண்ணப் பக்கங்களைத் தொடவே மாட்டார். கடைசிப் பக்கத்திலிருந்து ஸ்கேல் வைத்து வரி வரியாக இறங்குவார். வழக்கில் கிடக்கும் வரிப்பாக்கி, யாருக்கோ கொடுத்த ஜாமீன் எல்லாம் குடியிருப்பது அங்கேதான். தாள் காசு மிச்சம் என்று அறிக்கையை ஈமெயிலில் அனுப்பினால், “ஸ்கேலை எங்க வைக்க?” என்று போன் வரும்.

இவ்வளவு பேருக்கும் எப்படி ஓய் எழுதுகிறீர் என்று கேட்டால் வாரன் பஃபெட்டைத்தான் சாட்சிக்கு இழுப்பார். அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 1998-இல் எளிய நடைக்கென்று ஒரு கையேடு போட்டது. அதன் முன்னுரையில், தன் சகோதரிகள் டோரிஸ், பெர்ட்டி இருவரிடமும் பேசுவதாக நினைத்துக்கொண்டுதான் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார் பஃபெட். “அவருக்கு அக்கா தங்கச்சி, நமக்கு ஆச்சி” என்பார் அண்ணாச்சி. அந்த வேகத்திலேயே 1906-க்குப் போய்விடுவார். தூத்துக்குடி அப்போது நெல்லை மாவட்டம். வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய்; 25 ரூபாய் வீதம் 40,000 பங்கு. “கப்பல் வாங்கணும்னு ஊர் ஊராப் போய்ப் பேசுனாவளே, அங்க எந்த டிசைனர் வே இருந்தான்?”

சர்வரோக நிவாரணிபோல வ.உ.சி.யை எல்லாவற்றுக்கும் இழுக்கிறார் என்று தம்பிக்குக் குறை. எனக்கு அண்ணாச்சி பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

பொதுக்கூட்டத்தன்று வேறொரு சிக்கல். கூட்டத்தில் பங்குதாரருக்கு அன்பளிப்பு எதுவும் தரக் கூடாது என்று கம்பெனி செக்ரட்டரிகள் அமைப்பின் விதி, 2015 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கிறது. திருநெல்வேலியில் கூட்டம் போட்டுவிட்டு அல்வா இல்லை என்றால் தீர்மானம் நிறைவேறுமா? அண்ணாச்சி விதியைப் புரட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டார். வாழையிலைத் துண்டில் சுடச்சுட வைத்தால் சிற்றுண்டி. பொட்டலம் கட்டினால் அன்பளிப்பு. ஆகவே இங்கேயே தின்றுவிட வேண்டியது. செக்ரட்டரி ஒரு நிமிசம் யோசித்துவிட்டு இலையை நீட்டினார்.

ஆனால் ஆச்சிக்குச் சர்க்கரை. அல்வா பேரனுக்கு. நெய் வடிகிறது, மடிக்க ஒரு தாள் வேண்டும், கையில் இருப்பதோ ஆண்டறிக்கை. விரல் முன் அட்டைக்குப் போவதைப் பார்த்ததும் மேடையோரத்திலிருந்து அண்ணாச்சி பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

“பின்னட்டையக் கிழிங்க ஆச்சி, அதுல தலைவர் படந்தான் இருக்கு. டிவிடெண்ட் பக்கத்தக் கிழிச்சிராதிய!”