வீட்டோடு கார்

முட்டுக்காட்டில் கார் வைத்திருப்பவர் இரண்டு பேருக்கு வட்டி கட்டுகிறார். ஒருவர் ஃபைனான்ஸ்காரர், இன்னொன்று கடல். ஃபைனான்ஸ்காரராவது மாதம் ஒருமுறைதான் கேட்பார்.

மாடிப் போர்ஷனில் இருக்கும் என் மச்சினன் போன வருஷம் தை பிறந்ததும் ஷோரூமுக்குப் போய்வந்து சொன்னான்: "மாமா, வண்டி எட்டு லட்சம்தான். வட்டி வெறும் ஆறு பர்சென்ட்!"

"ஃப்ளாட்டா?" என்றேன்.

"ஃப்ளாட் எதுக்கு மாமா, இங்கேயே இருக்கேனே" என்றான். அப்போதே தெரிந்துவிட்டது.

ஃப்ளாட் வட்டியில் அசல் குறையக் குறைய வட்டி குறையாது. ஐந்தாம் வருஷம் பாக்கி கொஞ்சம்தான் இருக்கும். வட்டி மட்டும் முழு எட்டு லட்சத்துக்கே ஓடும். ஐந்து வருஷத்துக்கு 2,40,000 ரூபாய். மாதத் தவணை 17,333. இதையே குறையும் பாக்கிக் கணக்கில் போட்டால் வட்டி ஏறக்குறைய 10.85 சதவீதம். ஆறு என்று காதில் விழுந்தது பையிலிருந்து பதினொன்றாகப் போகிறது.

எட்டு லட்சம் என்பது ஷோரூமுக்குள் நிற்கும்போது உள்ள விலை. சாலைக்கு வர ஆயுள் வரி வேண்டும். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தியபின், 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம்; அவனுக்கு 1,04,000. சன்ரூஃப் ஆசையில் 10 லட்சத்தைத் தாண்டியிருந்தால் 18 சதவீதம் ஆகியிருக்கும். முட்டுக்காட்டில் வானம் இலவசமாகவே தெரிகிறது என்று சொல்லித் தடுத்தேன். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மூன்று வருஷத்துக்குச் சேர்த்தே கட்ட வேண்டும். 2018 செப்டம்பரிலிருந்து அப்படித்தான்.

அதே இன்சூரன்ஸ்காரர் வண்டியின் மதிப்பை வருஷா வருஷம் வெட்டிக்கொண்டே வருவார். ஐந்தாவது வருஷத்துக்குக் கழிவு 50 சதவீதம். ஆக, 10,40,000 கட்டி முடிக்கும் மாதத்தில் காரின் மதிப்பு 4 லட்சம். அப்புறம் என்.ஓ.சி. வாங்கி, ஃபாரம் 35 கொடுத்து, ஆர்.சி.யிலிருந்து ஃபைனான்ஸ் பெயரை எடுக்க வேண்டும். அதற்கும் கட்டணம் உண்டு.

கடலின் வட்டிக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. கிழக்கே வங்கக்கடல், மேற்கே கழிமுகம்; உப்புக்காற்று எந்தப் பக்கமும் வரும். நாலு நாள் எடுக்காமல் விட்டால் பிரேக் டிஸ்க் செம்மண் நிறமாகிவிடும். மச்சினன் கவர் போட்டு மூடினான். ஈரம் உள்ளேயே அடைந்து, துரு சாவகாசமாகச் சாப்பிட்டது. அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவச் சொன்னார் மெக்கானிக். எங்கள் போர் தண்ணீரே உப்பு. இப்போது கார் கேன் தண்ணீரில் குளிக்கிறது. "கூடப் பொறந்தவ நான் போர் தண்ணியில குளிக்கிறேன், அதுக்குக் கேன் தண்ணியாடா?" என்று என் மனைவி மாடியைப் பார்த்துக் கேட்பாள். பதில் வராது.

ஆபீஸுக்கு அவன் கம்பெனி பஸ்ஸில் போகிறான். ஞாயிற்றுக்கிழமை எடுக்கலாமென்றால், அன்று சென்னையே எங்கள் ஊர்ப் படகுத்துறைக்கும் மாமல்லபுரத்துக்கும் கிளம்பி வந்து கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைத்துவிடும். தப்பித்து வடக்கே போனால் உத்தண்டியில் சுங்கம். ஆகவே அது வீட்டோடு மாப்பிள்ளை மாதிரி வாசலிலேயே இருக்கிறது. சம்பாத்தியம் இல்லை, கவனிப்பில் குறைவில்லை, யாரும் சாய்ந்து நிற்கக் கூடாது.

கார் வாங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஷோரூமில் "மாசம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். குறையும் பாக்கிக் கணக்கில் வட்டி எவ்வளவு, கடைசித் தவணை வரை மொத்தம் எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். காபியை முதலில் குடித்துவிட்டுக் கேளுங்கள், கேட்டபிறகு வராது.