புகைக்கு இரண்டு விலை

கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறை. என்ஜின் ஹெட்டுகளுக்கு பேஸிங் செய்து கொடுப்பதுதான் அங்கே முக்கிய வேலை. உரிமையாளர் ரங்கசாமிக்கு ஊரில் ஹெட் கழன்றால்தான் வருமானம். ஆனாலும் அவசரப்பட்டுக் கழற்றாதே என்பார். பழைய கார் புரோக்கர் பழனிச்சாமிக்கு ஹெட் கழன்றாலும் கழலாவிட்டாலும் கமிஷன் வரும். ஆனாலும் புகைகிற காரைக் கண்டால் உடனே கழற்று என்பார். இந்த முரண்பாட்டுக்குக் காரணம் உரையாடலின் கடைசியில்தான் தெரியும். பட்டறை வாசலில் ஒரு நாலு சிலிண்டர் டர்போ டீசல் கார், பானட் திறந்தபடி நிற்கிறது.

பழனிச்சாமி: அண்ணா, இதுல யோசிக்கவே ஒண்ணும் இல்லீங்க. ஹெட் கேஸ்கெட் போச்சு. சைலன்சர்ல வெள்ளைப் புகை வருது, கூலன்ட் குறையுது, ஆயில் மூடியைத் திறந்தா உள்பக்கம் வெள்ளையா பிசுபிசுன்னு ஒட்டியிருக்குது. மூணு சாட்சி இருக்குது. தீர்ப்பு எழுத இதுக்கு மேல என்ன வேணும்?

ரங்கசாமி: மூணு சாட்சியையும் குறுக்கு விசாரணை பண்ணிட்டு எழுதலாம் தம்பி. ஒரு லிட்டர் டீசல் எரிஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி உண்டாகுது. மார்கழிக் காலைல சைலன்சர் சூடாகற வரைக்கும் அது வெள்ளையாத்தான் தெரியும். கொஞ்ச நேரத்துல நின்னுட்டா அது குத்தமே இல்லை. நிக்காம வந்தாலும் டீசல்ல இன்னொரு வெள்ளைப் புகை உண்டு. இன்ஜெக்டர் ஒழுகினாலோ குளோ பிளக் வேலை செய்யலைன்னாலோ எரியாத டீசல் வெள்ளையா வரும், கண்ணைக் கரிக்கும். கூலன்ட் எரிஞ்சா வாசம் வேற, கொஞ்சம் இனிப்பா இருக்கும். ரெண்டாவது சாட்சி, கூலன்ட் குறையறது. வாட்டர் பம்ப், ரேடியேட்டர், ஹோஸ் கிளிப், ஹீட்டர் கோர் எது கசிஞ்சாலும் குறையும். மூணாவது, ஆயில் மூடி. வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் ஓடற வண்டில ஆயில் நல்லா சூடாகறதே இல்லை. உள்ள இருக்கற ஈரம் மேல வந்து மூடில படிஞ்சு வெள்ளையா நிக்கும். மூடியை விட்டுட்டு டிப் ஸ்டிக்கைப் பாருங்க, சம்ப் நட்டைத் திறந்து வர்ற ஆயிலைப் பாருங்க. உங்க மூணு சாட்சியும் பொய் சொல்லலை. ஆனா மூணு பேரும் கேஸ்கெட்டை நேர்ல பார்த்ததா எங்கயும் சொல்லலை.

பழனிச்சாமி: அம்பாசடர் காலத்து மிஸ்திரிங்க புகையை மோந்து பார்த்தே சொல்லிருவாங்களே அண்ணா! அவங்ககிட்ட எந்த மீட்டர் இருந்துச்சு? அவங்களுக்கு மூக்கு போதும்னா, நமக்கு மட்டும் எதுக்குங்க விசாரணைக் கமிஷன்?

ரங்கசாமி: அவங்க மூக்கை நான் குறை சொல்லலீங்க. அந்த மூக்குக்கு முன்னாடி நின்ன என்ஜினைப் பாருங்க. 1489 சிசி அம்பாசடர் பெட்ரோல் என்ஜின்ல டர்போ கிடையாது, ஈஜிஆர் கூலர் கிடையாது. சிலிண்டருக்குள்ள தண்ணி வரணும்னா கேஸ்கெட் போயிருக்கணும், இல்லைன்னா ஹெட்டோ பிளாக்கோ விரிசல் விட்டிருக்கணும். எதுவா இருந்தாலும் ஹெட்டைக் கழட்டித்தான் ஆகணும். அதனால மூக்கு சொன்னது பலிச்சுது. அதுல பாதி அனுபவம். மீதி, சந்தேகப்பட வேற ஆளே இல்லாத வசதி. இந்த டர்போ டீசல்ல அந்த வசதி போச்சு. புகையும் தண்ணியும் ஆயிலும் ஒரு மெல்லிசுத் தகட்டுக்கு இந்தப்பக்கம் அந்தப்பக்கமா ஓடற இடம் எத்தனைன்னு எண்ணுங்க. ஈஜிஆர் கூலர்னு ஒண்ணு இருக்குது. எக்ஸாஸ்ட் புகையை கூலன்ட்டால குளிர வச்சு மறுபடி இன்டேக்குக்கு அனுப்பறது. அது விரிசல் விட்டா கூலன்ட் உள்ள போய் வெள்ளைப் புகையா வரும், டேங்க்லயும் குறையும். கேஸ்கெட் பத்திரமா இருக்கும். ஆயில் கூலர் ஓட்டையானா ஆயிலும் கூலன்ட்டும் கலந்துரும். அப்பவும் கேஸ்கெட் பத்திரம். பெட்ரோல் டர்போக்கள்ல பெரும்பாலும் டர்போவோட நடு உடம்புக்குள்ளயே கூலன்ட் ஓடுது. அது விரிஞ்சா கூலன்ட் நேரா சைலன்சருக்குப் போகும். மூக்கு அதேதான் தம்பி, சந்தேகப்பட வேண்டியவங்க பட்டியல்தான் நீண்டுபோச்சு.

பழனிச்சாமி: சரிங்க, சந்தேகம் நாலு பேர் மேல. அதுக்கும் ஹெட்டைக் கழட்டிட்டா முடிஞ்சுதே? கண்ணால பார்க்கறதை விடப் பெரிய டெஸ்ட் உலகத்துல உண்டுங்களா?

ரங்கசாமி: தடயத்தை அழிக்கறதுக்கு அதை விட நல்ல வழி கிடையாதுங்க. கேஸ்கெட் கசியறது அழுத்தத்துல. இந்த மாதிரி டீசல்ல எரியற நொடில சிலிண்டருக்குள்ள 150 பார் வரைக்கும் அழுத்தம் ஏறும். கூலன்ட் பக்கம் மூடி பிடிச்சு வைக்கறது ஒரு பாரும் சில்லறையும்தான். அதனால ஓடும்போது சிலிண்டர்ல இருக்கற வாயுதான் தண்ணிக்குள்ள புகுது. தண்ணி சிலிண்டருக்குள்ள இறங்கறது வண்டியை நிறுத்தின பிறகு, ஹோஸ்ல அழுத்தம் மிச்சம் இருக்கும்போது. காலைல முதல் ஸ்டார்ட்ல மட்டும் ஒரு சிலிண்டர் அடிக்காம வண்டி தடதடங்கறது இதனாலதான். டர்போ வேற இருக்குது. காலை அழுத்தினாத்தான் பூஸ்ட் ஏறும், பூஸ்ட் ஏறினாத்தான் சிலிண்டர் அழுத்தம் முழுசா வரும். அவிநாசி ரோடு சிக்னல்ல அரை மணி நேரம் அமைதியா நிக்கற வண்டி, மேட்டுப்பாளையம் தாண்டி குன்னூர் மலை ஏறும்போது டேங்க்ல பொங்கலாம். ஹெட் போல்ட்டைத் தளர்த்தின அடுத்த நிமிஷம் அந்த அழுத்தம், சூடு எல்லாமே போச்சு. அப்புறம் மேசை மேல கிடக்கற எந்த கேஸ்கெட்லயும் கறையும் கரியும் இருக்கத்தான் செய்யும்; பார்க்கணும்னு நினைக்கறவனுக்கு எல்லாமே குத்தவாளியாத் தெரியும். உண்மையில ஈஜிஆர் கூலர் போயிருந்தா, புது கேஸ்கெட் போட்டு மூடின பிறகும் அதே புகை வரும். நடுவுல, ஒரு குறையும் இல்லாத ஹெட்டுக்கு பேஸிங் பண்ணி நான் காசு வாங்கியிருப்பேன்.

பழனிச்சாமி: டெஸ்ட் டெஸ்ட்ங்கறீங்க, அதுக்கு ஒரு லேபும் நாலு விஞ்ஞானியும் வேணும் போல இருக்குது. வண்டிக்காரருக்கு அவ்வளவு பொறுமை இல்லீங்க. அவருக்கு வேண்டியது பதில். அதுவும் டீ ஆறறதுக்குள்ள.

ரங்கசாமி: டீ ஆறறதுக்குள்ள முடியற டெஸ்ட்டும் இருக்குது. ராத்திரி முழுக்கக் குளிர்ந்த வண்டில டேங்க் மூடியைத் திறந்து மூடிட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. கூலன்ட் சூடேறாத ரெண்டு மூணு நிமிஷத்துலயே மேல் ஹோஸ் கெட்டியா இறுகினா, அது சூட்டுனால வந்த அழுத்தம் இல்லை. அடுத்தது, கைப்பம்ப் வச்சு மூடில எழுதியிருக்கற அளவுக்கு கூலன்ட் பக்கம் அழுத்தம் கொடுத்து, பதினஞ்சு நிமிஷம் முள் இறங்குதான்னு பார்க்கறது. வெளிய எங்கயாவது ஒழுகினா வழக்கு அங்கயே முடிஞ்சுது. அதுக்கும் அப்புறம்தான் நீலத் தண்ணி. புரோமோதைமால் புளூன்னு பேரு. டேங்குக்கு மேல நிக்கற காத்தை அதுக்குள்ள இழுத்து விடணும். எரிஞ்ச வாயுல இருக்கற கார்பன் டை ஆக்ஸைடு கலந்தா நீலம் மாறும்; பெட்ரோல் வண்டின்னா மஞ்சள், டீசல்னா பச்சை. இந்த மூணுக்கும் சேர்த்து ஒரு நாள்கூட ஆகாது. ஹெட்டைக் கழட்டி, இன்ஜெக்டர், டைமிங், டர்போ பைப் எல்லாம் மறுபடி பூட்ட எத்தனை நாள் ஆகும்னு வண்டிக்காரர்கிட்ட முதல்ல சொல்லுங்க, பொறுமை தானா வந்துரும்.

பழனிச்சாமி: அப்படின்னா இந்த நீலத் தண்ணி ஒண்ணு போதுங்களே! பச்சையானா கேஸ்கெட் போச்சு, ஆகலைன்னா நல்லா இருக்குது. மூக்கை எடுத்துட்டு அந்த இடத்துல பாட்டிலை வச்சாச்சு.

ரங்கசாமி: பாட்டிலையும் கண்ணை மூடி நம்பினா அது இன்னொரு மூக்குதான். டீசல் என்ஜின் ஐடில்ல தேவைக்கு மேல நிறையக் காத்தை இழுக்கும்; அந்தப் புகைல கார்பன் டை ஆக்ஸைடு பெட்ரோல் வண்டியை விட ரொம்பக் கம்மி. சின்னக் கசிவுன்னா நீலம் நீலமாவே நிக்கும், வண்டி குத்தமில்லைன்னு தப்பிச்சுரும். ஒரு மேடு ஏத்தி இறக்கி, சூடா வந்த உடனே பார்க்கணும். மறுபக்கம், ஈஜிஆர் கூலர் விரிசல் விட்டிருந்தா எக்ஸாஸ்ட் புகை அது வழியாவே கூலன்ட்டுக்குள்ள வந்து பச்சையாக்கிரும், குத்தமில்லாத கேஸ்கெட் மாட்டிக்கும். அதனால பச்சையானா அடுத்த கேள்வி, வாயு எந்த வழியா வந்துச்சுங்கறது. ஈஜிஆர் கூலருக்குப் போற ரெண்டு தண்ணி ஹோஸையும் கழட்டி ஒண்ணோட ஒண்ணு சேர்த்துட்டு மறுபடி டெஸ்ட் பண்ணுங்க. பச்சை வர்றது நின்னா குத்தவாளி கூலர். நிக்கலைன்னா லீக் டவுன் டெஸ்ட்: பிஸ்டனை மேல் உச்சில நிறுத்தி, குளோ பிளக் ஓட்டை வழியா கம்ப்ரஸர் காத்தை விடணும். காத்து எங்க வெளிய வருதுன்னு கேக்கணும். இன்டேக்ல சத்தம் வந்தா இன்டேக் வால்வு, டர்போ பக்கம் வந்தா எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் மூடில வந்தா ரிங். பக்கத்து சிலிண்டர் ஓட்டைல சீறினாலோ கூலன்ட் டேங்க்ல குமிழ் வந்தாலோ கேஸ்கெட், இல்லைன்னா ஹெட்டுலயோ பிளாக்லயோ விரிசல். அதுல எதுங்கறதை வெளிய இருந்து சொல்ல முடியாது. ஆனா அதைத் தெரிஞ்சுக்க ஹெட்டைக் கழட்டறதுல ஒரு நியாயம் இருக்குது. ரெண்டு தனித்தனி டெஸ்ட் ஒரே பக்கம் கை காட்டணும், அப்புறம்தான் ஸ்பேனர்.

பழனிச்சாமி: சரி, கை காட்டிருச்சு. கேஸ்கெட்தான். புதுசு வாங்கிப் போட்டா இந்த மகாபாரதம் முடிஞ்சுதில்லீங்களா?

ரங்கசாமி: அப்பத்தான் பாதி முடிஞ்சிருக்குது. கேஸ்கெட் தானா சாகறது அபூர்வம், யாரோ கொன்னிருக்காங்க. ஹெட் அலுமினியம், பிளாக் இரும்பு. ஒரே சூட்டுல அலுமினியம் இரும்பை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு விரியும். ஓவர் ஹீட் ஆனா ஹெட் வளையும், நடுவுல கேஸ்கெட் நசுங்கும். எதுக்கு ஓவர் ஹீட் ஆச்சு? தெர்மோஸ்டாட் மாட்டிக்கிச்சா, ஃபேன் சுத்தலையா, கூலன்ட்டுக்குப் பதிலா போர் தண்ணியை ஊத்தி ரேடியேட்டர்ல உப்பு அடைச்சுதா? மூடி ஸ்பிரிங் தளர்ந்தாக்கூடப் போதும். ஒரு பார் அழுத்தத்துல 120 டிகிரி வரைக்கும் கொதிக்காத தண்ணி, மூடி பிடிக்கலைன்னா 100லயே கொதிச்சுரும். டர்போ வண்டிக்குன்னே இன்னொரு கொலைகாரன் இருக்கான்: பிக்கப் ஏறணும்னு மாட்டற டியூனிங் பாக்ஸ். டீசலையும் பூஸ்ட்டையும் ஏத்திவிட்டா சிலிண்டர் அழுத்தம் ஏறும், ஹெட் போல்ட் இழுபடும். பழைய போல்ட்டையே திரும்ப முறுக்கி, அளவு பார்க்காத கேஸ்கெட்டைப் போட்டு, அதே பாக்ஸை மாட்டி அனுப்பினா, வண்டி இங்க திரும்பி வர்றதுக்கு டெஸ்ட் எதுவும் தேவையில்லை.

பழனிச்சாமி: அந்த பாக்ஸை வாங்கிக் கொடுத்ததே நான்தானுங்க. அதை விடுங்க. நீங்க சொல்றதெல்லாம் நியாயம்தான், ஆனா வியாபாரத்துக்கு ஒத்துவராது. நான் வண்டியை வாங்கப் போறப்ப இந்தப் புகையைக் காட்டி கேஸ்கெட் போச்சுன்னு சொன்னாத்தான் விலை இறங்கும். அதே வண்டியை விக்கறப்ப, இது மார்கழிக் குளிருங்க, சூடானா நின்னுரும்னு சொன்னாத்தான் கைமாறும். நடுவுல டெஸ்ட் பண்ணி ஒரு பதிலைக் காகிதத்துல எழுதிக் கொடுத்துட்டா, நான் ரெண்டு இடத்துலயும் என்னத்தைப் பேசறது?

ரங்கசாமி: இப்பத்தான் விசாரணை முடிஞ்சுது தம்பி. டெஸ்ட் வேண்டாம்னு நீங்க சொன்னது நேரம் போதாததால இல்லை, செலவாலயும் இல்லை. டெஸ்ட்டுக்கு வாங்கறவன் விக்கறவன் பேதம் தெரியாது, அதுதான் உங்க வருத்தம்.

பழனிச்சாமி: அப்படி ஒரு நீலத் தண்ணி இருந்தா சொல்லுங்கண்ணா, நல்ல விலைக்கே வாங்கிக்கறேன். வாங்கறப்ப பச்சையாகணும், விக்கறப்ப நீலமாவே நிக்கணும்.

ரங்கசாமி: அதைக் காசு கொடுத்து எதுக்குங்க வாங்கறீங்க? உங்க நாக்குலதான் வேணுங்கற அளவு இருக்குதே.