கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துக்கு எத்தனை வாட்டு?

வாடே பேராண்டி, உக்காரு. புற ஊதா டார்ச்சு கட்டப் போறியாமே? கடையில விக்கிறது ஒனக்கு ஆகாதாம். பல்பு தனியா, கூடு தனியா, பேட்டரி தனியா வரவழைச்சு நீயே கோக்கப் போறியாம். அறுபது வாட்டுக்குக் கொறைஞ்சு வேண்டாம்னு நிக்கியாம். ஒங்க ஆத்தா வந்து பொலம்பிட்டுப் போறா. நாங்கள்லாம் மூணு கட்டை எவரெடியைக் கையில புடிச்சுக்கிட்டு ராத்திரி மடை தெறக்கப் போன ஆளுக. எதிர்த்தாப்புல வாரது மாடா மனுசனான்னு தெரிஞ்சாப் போதும் எங்களுக்கு. நீ கண்ணுக்கே தெரியாத வெளிச்சத்துக்குப் பாதிச் சம்பளத்தைக் கொட்டப் போற. படிச்ச புள்ள, காரணம் இல்லாமயா இருக்கும்?

வாட்டு கெடக்கட்டும், அலைநீளம் எத்தனை நானோமீட்டர்னு மொதல்ல சொல்லு. முழிக்கியே! 400-க்குக் கீழ போகப் போக மனுசக் கண்ணு கையை விரிச்சிடும். சந்தையில மலிவாக் கெடைக்கிறது 395. அதை அமுக்குனதும் செவரெல்லாம் கல்யாண வீட்டு சீரியல் லைட்டு கணக்கா ஊதாவா ஜொலிக்கும். நீயும் "என்னா பவரு!"ன்னு வாயைப் பொளப்ப. அந்த ஊதா ஜொலிப்புலதான், மின்ன வேண்டிய சாமான் மின்னாம அமுங்கிப் போகுது. 365 அடக்கமான ஆளு. போட்டா வெளிறுன மங்கல் ஒண்ணு தெரியும், அம்புட்டுத்தான். வெவரம் தெரியாதவன் லைட்டு ரிப்பேருன்னு பார்சலைத் திருப்பி அனுப்பிடுவான். நெசமான வேலைக்காரன் அந்த 365-தான்.

அந்த 365 பல்புக்குப் பேர் போனது ஜப்பான்ல நிச்சியாங்கிற கம்பெனி. நீல எல்.இ.டி.க்கு 2014-ல மூணு பேருக்கு நோபல் குடுத்தாகள்லா, அதுல ஒருத்தரு சுஜி நாகமுரா. அங்க வேலை பாக்கையிலதான் அதைச் செஞ்சாரு. அதுக்குக் கம்பெனி குடுத்த சன்மானம் 20,000 யென். மனுசன் கோர்ட்டுப் படி ஏறி, 2005-ல 84 கோடி யென்னுக்கு ராசியானாரு. ஒன் முதலாளிகிட்ட இன்கிரிமென்ட் கேக்கும்போது இந்தக் கதையைச் சொல்லிப் பாரேன்.

அந்த ஒசத்தியான 365-லயும் கண்ணுக்குத் தெரியுற வெளிச்சம் கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். அதை அடைக்க முன்னால ஒரு கறுப்புக் கண்ணாடி வேணும். இசட்.டபிள்யூ.பி.2-ன்னு சீனாக்காரன் விக்கான். இந்த சாமானுக்கு மூலபுருசன் ராபர்ட் வுட்டுன்னு ஒரு அமெரிக்க வாத்தியாரு. நூறு வருசத்துக்கு முந்தியே நிக்கல் கலந்து கறுப்புக் கண்ணாடி காச்சுனவரு. அவரு பேரை வச்ச விளக்கைத்தான் தோல் டாக்டர்மாரு வெண்புள்ளி பாக்க இன்னமும் எடுக்காக. ஒன் ஆர்டர் சிட்டையில எல்லாம் இருக்கு, இந்தக் கண்ணாடியைத்தான் காணும். அறுபது வாட்டுக்கு எடங் குடுத்ததுல இதுக்கு எடம் இல்லாமப் போச்சோ என்னமோ.

சரி, வாட்டுக்கே வருவோம். நீ குடுக்குற கரண்டுல ஏறத்தாழப் பாதி சூடாப் போயிடும். பல்புக்கு அடியில செம்புத் தகடு, அதுக்கும் கூட்டுக்கும் நடுவுல வெப்பப் பசை, கனமான அலுமினியக் கூடு, இம்புட்டும் சரியா அமையலேன்னா ஒன் லைட்டு ரெண்டு நிமிசத்துல இஸ்திரிப்பெட்டிதான். பிளாஸ்டிக் லென்சு வேற போடப் போறியாம். புற ஊதா பட்டுப் பட்டு அது மஞ்சளாகும். கண்ணாடியே போடு. பேட்டரி 18650, அதாவது 18 மில்லிமீட்டர் தடி, 65 மில்லிமீட்டர் நீளம். ஒன் செல்லு மேல 9900 எம்.ஏ.எச்.னு அச்சடிச்சிருக்கு. நல்ல கம்பெனிக்காரனே 3500-க்குப் பக்கத்துலதான் நிக்கான். மிச்சம் 6400-ஐ உள்ள அடைச்சவன் சாதாரண ஆளு இல்லடே, அவனுக்குத்தான் அடுத்த நோபல்.

இனிமே வெளையாட்டு இல்ல. கண்ணு. சாதா லைட்டை மூஞ்சியில அடிச்சா கண்ணு கூசி நீ திரும்பிக்கிடுவ, பாப்பாவும் சுருங்கும். இதுல கூச்சம் வராது. இருட்டுல பாப்பா ஆன்னு தெறந்தே கெடக்கும், உள்ள எறங்குறது ஒனக்குத் தெரியவும் செய்யாது. கண்ணுக்குள்ள இருக்குற லென்சு அதைக் குடிச்சுத் தானும் மின்னும். பார்வையில பனி படர்ந்தாப்புல இருக்கும். வருசக் கணக்கா இப்படியே வாங்கிக்கிட்டு இருந்தா கண்புரைக்கு வழி வெட்டிக் குடுத்த மாதிரி. நூத்துக்கணக்குல செலவழிச்சாப் போதும், பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி கெடைக்கும். அது அசலான்னு பாக்க ஒன் லைட்டே போதும். இருட்டு ரூம்ல வெள்ளை வேட்டியைத் தொங்கவிடு. பக்கவாட்டுல நின்னு அது மேல லைட்டை அடி, வேட்டி நீலமா மின்னும். இப்ப லைட்டுக்கும் வேட்டிக்கும் நடுவுல அந்தக் கண்ணாடியை நீட்டு. கண்ணாடி நெழல் விழுந்த எடத்துல மட்டும் மின்னுறது அணைஞ்சா, அது உருப்படி. அணையலையா, அதைப் போட்டு செல்பி எடுத்துக்கோ, வேற எதுக்கும் ஆகாது.

வேட்டி ஏன் மின்னுதுன்னு கேக்கியா? அந்தக் காலத்துல டினோபால்னு ஒரு பொடி. வெள்ளைத் துணிக்கு அதைப் போட்டு அலசுவாக. கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தை வாங்கி நீலமாத் திருப்பிக் குடுக்குற சரக்கு அது. அந்த இனத்துச் சரக்கு இப்ப சலவைப் பவுடர்லயே இருக்கு. "மாமா வேட்டி என்னா வெளுப்பு"ன்னு ஊரு மெச்சுனதுல பாதி அந்தப் பவுடருக்குப் போக வேண்டிய பேரு.

இதைத் தெரிஞ்சுக்கிடாம நீ கள்ளநோட்டுப் பாக்கப் போனேன்னு வையி, அடி வாங்காம வர மாட்ட. நம்ம ரூவா நோட்டுல காயிதம் மின்னாது. நம்பரும் ஊடால கெடக்குற சின்னச் சின்ன இழையும் மின்னும். சாதாக் காயிதம் மொத்தமா நீலமா எரியும். சரி, சட்டைப் பையிலயே வச்சுத் தொவைச்சுப்புட்ட நல்ல நோட்டு? அதுவும் எரியும்டே, பவுடர் ஏறிப் போச்சுல்லா. கெம்புக் கல்லு இன்னும் மோசம். அசல் கெம்பு இந்த லைட்டுல செவப்பா மின்னும்னு நீ படிச்சிருப்ப. உலையில உருக்கிச் செஞ்ச கெம்பு அதை விடச் செவப்பா எரியும்! ஒங்க அத்தை தோட்டுல அடிச்சுப் பாத்து நியாயஞ் சொல்லக் கெளம்பிடாத. அந்த வீட்டுல நமக்குச் சோறு இருக்கு. கக்கூஸ் பக்கமும் கொண்டு போகாத. மூத்திரம் மின்னும். குறி தவறுன ஆம்பளைக அத்தனை பேரு வண்டவாளமும் தண்டவாளம் ஏறிடும்.

கெருமி சாகும்னு எவனாச்சும் சொன்னா நம்பாத. கெருமியைக் கொல்லுறது 254 பக்கத்துல இருக்குற வேற சாதிக் கதிரு. அது சாதாக் கண்ணாடியையே தாண்டாது, ஆனா தோலையும் கண்ணையும் பொசுக்கும். கையில புடிச்சு வெளையாடுற சாமான் இல்ல.

நெசமாவே பெரிய வாட்டு கேக்குறவன் அமெரிக்காவுல இருக்கான். மிச்சிகன்ல சுப்பீரியர்னு கடல் கணக்கா ஒரு ஏரி. அந்தக் கரையில சோடலைட் கலந்த சாம்பக் கல்லு கெடக்கு. பகல்ல சல்லிக்காசு பெறாது. ராத்திரி 365 பட்டா நெருப்புக் கங்காட்டம் மின்னும். 2017-ல இது பிரபலமானதுல இருந்து சனம் லைட்டைத் தூக்கிக்கிட்டுக் கரையோரம் அலையுது. தூரத்துல கெடக்குற கல்லைத் தேடுறவனுக்குப் பவர் வேணும், நியாயம். ஒனக்கு எது? நம்ம ஊருல மின்னுறது தேளுதான். அதுக்கு மூணு வாட்டே போதும், நாலு எட்டுத் தள்ளியே பச்சையும் நீலமுமாக் காட்டிக் குடுத்துடும். சட்டை உரிச்ச புதுசுல இருக்குற தேளு மட்டும் மின்னாது. தோலு இறுகுன பொறவுதான் மின்னும்.

அதனால பாதுகாப்புக் கண்ணாடியை மொதல்ல வாங்கு. கறுப்புக் கண்ணாடி, நல்ல செல்லு ரெண்டையும் சிட்டையில சேரு. அறுபதை அஞ்சாக்கு, மிச்சக் காசை ஆத்தா கையில குடு. தேளு பாக்கக் கெளம்புற அன்னைக்குக் கால்ல செருப்பைப் போட்டுக்கிட்டு, நம்ம மூணு கட்டை எவரெடியையும் மறக்காம எடுத்துக்கோ. பாம்பு தேளு மாதிரி மின்னாது.